காலி நிலமும் மாடி வீடும்

மும்பைக்கு இது என் மூன்றாவது பயணம். முதல் இரண்டு தடவையும் கேட்வே, மரீன் டிரைவ், எலிஃபன்டா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த முறை பழைய மில் வட்டாரமான பரேலையும், குடிசைப் பகுதியான தாராவியையும் நடந்தே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துதான் கிளம்பினேன்.

லோயர் பரேலில் இறங்கியதும் அண்ணாந்து பார்க்காமல் நடக்க முடியாது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கோபுரங்கள். இந்த வட்டாரத்துக்கு மராத்தியில் 'கிரண்காவ்' என்று பெயர், மில் ஊர் என்று அர்த்தம். பஞ்சாலைகள் நிறைந்திருந்த இடம். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. பீனிக்ஸ் மில் இன்று பெரிய மால். கமலா மில் வளாகம் முழுக்க அலுவலகங்களும் உணவகங்களும்.

அந்த நிலம் கைமாறிய விதம்தான் எனக்கு ஆறவில்லை. 1991-ல் வந்த விதிப்படி மில் நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்ற பொது வெளிக்கு, ஒரு பங்கு வீட்டு வசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001-ல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தையும் பங்கு போடத் தேவையில்லை, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றானது. மில் வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? தறிக்கூடம், கிடங்கு, கொதிகலன் அறை என்று பெரும்பகுதி கட்டடம்தானே! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 'காலி' என்ற ஒற்றைச் சொல்லில் ஊருக்கும் தொழிலாளிக்கும் சேர வேண்டியதில் பெரும்பகுதி போய்விட்டது.

பக்கத்திலேயே பழைய சால் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நீளமான பொது வராந்தா, வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் பொதுக் கழிப்பறை. மில் ஓடிய காலத்தில் இந்த அறைகளில் ஷிப்டு மாற்றி ஷிப்டு ஆட்கள் படுத்து எழுந்தார்களாம். ஒருவர் வேலைக்குப் போனால்தான் இன்னொருவருக்குப் பாய்.

கரி ரோட்டில் ரயில் பிடித்தேன். சயானுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் 5 ரூபாய், முதல் வகுப்பு 25. இடையில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஆட்கள் செய்தித்தாளை விரித்துப் படித்தபடி வந்தார்கள், இந்தப் பக்கம் எனக்குக் கையைக் கீழே இறக்க இடமில்லை.

சயானில் இறங்கி தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழுந்தது திருநெல்வேலித் தமிழ். தோல் பதனிடும் வேலைக்காக அந்தக் காலத்தில் வந்த நெல்லைச் சீமைக் குடும்பங்களின் பேரன் பேத்திகள். சற்றுத் தள்ளி கும்பார்வாடா, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் தெரு. இன்னொரு கோடியில் நகரத்தின் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் 'பதின்மூன்று காம்பவுண்டு' என்ற பகுதி. மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா வளாகம், வங்கிகளின் தலைமை அலுவலகங்கள். இத்தனை பக்கத்தில் இருப்பதால்தான் தாராவி மண்ணுக்கு இன்று இத்தனை மதிப்பு.

என்னைக் கூட்டிப்போன தம்பி ஒரு சந்துக்குள் திரும்பினார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு வீட்டு வாசலில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பிடித்து ஏற மேலேயிருந்து ஒரு நைலான் கயிறு, கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. ஏறிப் போனால் பத்துக்குப் பத்து அறை, மூலையில் கிரைண்டர், வாளி வாளியாக மாவு. அந்த அக்கா பதினைந்து வருஷமாக இட்லி வியாபாரம் செய்கிறார். விடியுமுன் அவித்து முடித்தால், வீட்டுக்காரர் மாட்டுங்கா பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார்.

கதவில் பெயிண்டால் ஓர் எண் எழுதியிருந்தது. "சர்வே எடுக்க வந்தவங்க போட்டது தம்பி. கீழ் வீட்டுக்கும் போட்டிருக்காங்க, எங்களுக்கும் போட்டிருக்காங்க. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லையாம்."

இல்லைதான். 2022-ல் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. மாநில அரசும் அதில் பங்குதாரர். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவருக்கு அப்படி இல்லை. தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் வாடகை கட்டிக்கொண்டே வந்து பிற்பாடு சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். தாராவியில் மாடி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கீழே இடம் இல்லாததால் மேலே கட்டினார்கள், மேலே வந்தவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்த ஏழைகள். அங்கே 'காலி', இங்கே 'மாடி'. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை.

அக்கா டம்ளரில் காப்பி கொடுத்தார். "வெளியேன்னா எங்க தம்பி? நீங்க படிச்சவங்க, பேப்பர்ல ஏதாச்சும் போட்டிருக்கா?"

முலுண்ட், காஞ்சூர் பக்கம் உப்பள நிலத்தையும், தேவ்னாரில் குப்பைக் கிடங்கு நிலத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படித்ததைச் சொன்னேன்.

"தேவ்னாரா? அது குப்பை மேடுல்லா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவை வழித்துக்கொண்டே கேட்டார்: "அங்க இருந்து விடிகாலைல மாட்டுங்காவுக்கு இட்லி சூடா எப்படித் தம்பி வந்து சேரும்?"