சப்பாத்தியை நிறுத்துங்கள், பையன் சோறு கேட்கிறான்

மாணவர் பரிமாற்றத்தில் வரும் வெளிமாநிலத்துப் பள்ளிப் பிள்ளையைப் பத்து நாள் வீட்டில் தங்கவைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே சென்னை தண்டையார்பேட்டை வீடுகளில் இரண்டு காரியம் நடக்கும். அம்மா ஐந்து கிலோ கோதுமை மாவுக்குச் சொல்லிவிடுவார். அப்பா, சின்ன வயதில் பிராத்மிக் பரீட்சை எழுதியதோடு மூட்டை கட்டிய இந்தியை வெளியே எடுத்து, "ஆயியே, பைட்டியே" என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்ப்பார். இரண்டும் வீண்.

மத்திய அரசு 2015-இல் அறிவித்த 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் மாநிலங்களை ஜோடி சேர்த்தபோது தமிழ்நாட்டுக்கு விழுந்த ஜோடி ஜம்மு காஷ்மீர். ஆக, வருகிற பையன் காஷ்மீர்க்காரன். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சாப்பாடு என்றாலே சோறுதான். சோறும், 'ஹாக்' என்கிற கீரையும், வசதிப்பட்டால் ஆட்டுக்கறியும். தாய்மொழி காஷ்மீரி. இந்தி அவனுக்கும் வெளியே கற்றுக்கொண்டதுதான். வடக்கே இருந்து வருகிறவனெல்லாம் சப்பாத்தி தின்பான், இந்தி பேசுவான் என்பது நம் ஊர்க் கணக்கு.

கணக்கு தப்பியது மூன்றாம் நாள் ராத்திரி தெரியும். அம்மா வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்துப் போடுகிறார். பழக்கமில்லாத கை, ஓரமெல்லாம் அப்பளம்போல விறைத்து நிற்கிறது. விருந்தாளி தட்டில் நாலு. பக்கத்தில் வீட்டுப் பையன் குழையக் குழைய ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருக்கிறான். விருந்தாளியின் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. "போதும் ஆண்ட்டி" என்கிறான். "பாவம், கூச்சப்படுது புள்ள" என்று ஐந்தாவது விழுகிறது.

சோறு போடுங்கள். காரத்தை மட்டும் பாருங்கள். காஷ்மீரி மிளகாய் நிறத்துக்குப் பேர்போனது, காரம் குறைவு. நாம் குழம்புக்கு அரைத்து வைத்திருக்கிற தூள் வேறு ஜாதி. முதல் மூன்று நாள் வழக்கமான அளவில் பாதி போதும். அப்படியும் கண் கலங்கினால் சொம்புத் தண்ணீரை நீட்டாதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். ஒரு கரண்டி தயிர் கொடுத்தால் அடங்கும். மீன் என்றால் முதல் நாள் வஞ்சிரத் துண்டம். எடுத்த எடுப்பில் மத்தியைப் போட்டுவிட்டு முள் எடுக்க டார்ச் லைட்டைத் தேடக் கூடாது.

எந்த மாதம் வரவழைப்பது என்பதைப் பள்ளி முடிவு செய்யும் முன்பே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஜனவரிதான் சரி. பள்ளத்தாக்கில் டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரை நாற்பது நாள் கடுங்குளிர், பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை. இங்கே பொங்கல் வேறு வருகிறது. ஒரே சங்கடம்: நம் வீட்டுத் தாத்தா குரங்குக் குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருக்க, வந்தவன் அரை டிராயரோடு ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்வான். போகி விடியலில் தெருப் புகையைப் பார்த்து மிரளுவான், முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். மே மாதத்தில் வரவழைத்தால் வேர்க்குரு பவுடர் டப்பா கணக்கில் தீரும்.

பெற்றோர் சம்மதக் கடிதம், ஆதார் நகல், ரத்தப் பிரிவு, ஒவ்வாமை விவரம் எல்லாம் கோப்பில் ஒழுங்காகவே இருக்கும். கோளாறு ஃபோன் நம்பரில். அவசரத்துக்கு என்று அவன் எழுதிக் கொடுத்திருப்பது அவனுடைய ப்ரீபெய்டு நம்பரை. ஜம்மு காஷ்மீர் ப்ரீபெய்டு சிம் வெளி மாநிலத்தில் எடுக்காது. நம்முடைய ப்ரீபெய்டு சிம்மும் அங்கே போனால் ஊமைதான், போஸ்ட்பெய்டு மட்டும் வேலை செய்யும். ஆகவே நம் வீட்டுக்கு வந்து சேரும் வரை அவன் ஃபோன் டார்ச் லைட்டுக்குத்தான் ஆகும். கூட வரும் ஆசிரியரின் போஸ்ட்பெய்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வைஃபை போட்டுக் கொடுத்து, அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட வையுங்கள். அந்தக் காலில் நம் வீட்டு அம்மாவும் எட்டிப் பார்ப்பார், இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, ஆனாலும் இருபது நிமிஷம் ஓடும்.

குளியலறை தனிக் கதை. போர் தண்ணீர் உப்பு. உப்பென்றால் நாக்கில் படுகிற உப்பு மட்டுமில்லை, சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த கடினத் தண்ணீர். சோப்பு அதோடு சேர்ந்து நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டும். விவரம் தெரியாதவன் இன்னும் நுரை வரவில்லையே என்று முக்கால் மணி நேரம் தேய்த்துக்கொண்டிருப்பான், வெளியே வாளியோடு மூன்று பேர். கடைசியில் தலைக்கு ஊற்ற லாரியில் வரும் மெட்ரோ வாட்டர் இரண்டு மக்கு தனியாக எடுத்து வையுங்கள். குடிக்க கேன் தண்ணீர். வயிறு இளகிவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கரைக்கிற வேலை வேண்டாம், அளவு கெட்டுப்போகும். பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலமும் ஒரு லிட்டரில். அன்றைக்கே குடித்தது போக மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் பேச்சு, நடனம், கோட்டை அருங்காட்சியகம் எல்லாம் இருக்கும். அதெல்லாம் தானே நடந்துவிடும். உபசாரம்தான் ஆளைக் கொல்லும். நாற்காலியில் உட்கார வைத்து வேளைக்கு ஒரு தட்டு நீட்டினால் நாலாம் நாள் அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். வேலை கொடுங்கள். மெட்ரோ வாட்டர் லாரி ஹாரன் கேட்டதும் பச்சைக் குடம் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பினால் போதும். வரிசையில் முதல் தடவை எல்லோருக்கும் வழி விட்டுவிட்டு வெறுங்குடத்தோடு திரும்புவான். இரண்டாம் தடவை, "இன்னாக்கா, நான்தான் முன்னாடி!" என்று கேட்கும். அன்றிலிருந்து தெருவில் அவன் 'இந்திக்காரப் பையன்' இல்லை.

தமிழும் அந்த வரிசையில்தான் ஏறும் என்பதால் ஒரு எச்சரிக்கை. கூட்டாளிகளிடம் கற்ற "இன்னா நைனா, துன்னியா?" என்பதைத் தலைமையாசிரியரிடம் அன்போடு கேட்டு வைப்பான். வாத்தியார் இலக்கணமெல்லாம் பத்து நாளில் ஆகாது. எதைச் சொன்னாலும் கடைசியில் 'ங்க' சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் தெரு நாயைப் பார்த்து "போங்க, போங்க" என்பான். பரவாயில்லை, குறைந்து போவதை விட மிகுந்து போவது மேல்.

ஒரு சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடக் கூட்டிப் போங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த பண்டம். "காரம் கம்மியா" என்று தட்டில் போடும் முன்பே சொல்ல வேண்டும், மிளகாய்த்தூள் கைவேகத்தில் விழுந்துவிடும். சூடாக வாழைத்தண்டு சூப் கூடவே வரும்.

திரும்பும் ரயில் அந்தமான் எக்ஸ்பிரஸாக இருக்கலாம். பேர்தான் அந்தமான், போவது கத்ராவுக்கு. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது என்பதால் பிள்ளைகள் பெட்டி பெட்டியாகப் பிரிந்திருப்பார்கள், எந்தப் பெட்டியில் யார் என்று துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். ஊறுகாய் கண்ணாடி பாட்டில் வேண்டாம், எண்ணெய் கசியும். திருகு மூடி டப்பா, வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தாள், மேலே செல்லோ டேப், நிமிர்த்தி வைக்க வேண்டும். கருவாடு கொடுத்தே தீருவேன் என்று பாட்டி அடம் பிடித்தால் நன்றாகக் காய்ந்த நெத்திலி கால் கிலோ மட்டும், செய்தித்தாளில் மூன்று சுற்று, அதற்கு மேல் எவர்சில்வர் டப்பா, மூடியைச் சுற்றி டேப். இதில் ஒன்று குறைந்தாலும் கூடூர் வருவதற்குள் பெட்டியே எழுந்து நிற்கும்.