டைமண்ட் ஹெட், மூச்சு வாங்க வாங்க

சுரங்கத்த விட்டு வெளிய வந்தா எதிர்ல 99 படி, செங்குத்தா. பின்னாடி வந்த பாட்டி ஒருத்தங்க செருப்போட விறுவிறுன்னு தாண்டிப் போறாங்க, நான் கம்பிய புடிச்சிட்டு நிக்கிறேன்.

ஹவாய்ல, ஹொனலுலு ஊர்ல இருக்கு இந்த மலை. மேல போற வழி ஒரு மைல் கூட கிடையாது, ஆனா 560 அடி ஏறணும். பழைய எரிமலை வாய்க்குள்ள ஆரம்பிச்சு அதோட விளிம்புக்கு போற பாதை.

உச்சிக்கு முன்னாடி ஒரு கான்கிரீட் பங்கர். சுவத்துல நீளமா, ஒடுக்கமா ஒரு திறப்பு, அது வழியா பாத்தா வானம் இல்ல, கரை இல்ல, பசிபிக் ஒரு நீலப் பட்டையா மட்டும் தெரியுது.

அமெரிக்க ராணுவம் 1908ல பாதை போட்டதே கடலோர காவலுக்குத்தான், எதிரி கப்பல் எங்க வருதுன்னு இங்கேந்து பாத்து கீழ இருக்கற பீரங்கிக்கு குறி சொல்லணும்.

இவ்ளோ அழகான கடல சந்தேகமா பாக்கறதுக்குன்னே ஒருத்தன உக்கார வெச்சிருக்காங்க! அவனுக்கு இது அழகா தெரிஞ்சிருக்குமா, இல்ல எப்படா டூட்டி முடியும்னு இருந்திருப்பானா?

போறவங்க ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணிடுங்க, ஹவாய்ல குடியிருக்காதவங்களுக்கு அது கட்டாயம். தண்ணியும் எடுத்துக்கோங்க, வெயில் மண்டைய பொளக்குது.