மாடு இறங்கும் மாதம்

"உங்கள் ஊரில் மாடெல்லாம் இருக்கிறதா?"

கேட்டவர் சுவிஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவர். ஆயுள் முழுக்க மாடு வளர்த்தவர். நான் அவருடைய சக்கர நாற்காலியைத் தெருவோரம் நிறுத்தி, மடியில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். செப்டெம்பர் மாதக் காலை, நல்ல குளிர். கோடைக்கு மேயப் போன மாடு மலையிலிருந்து இறங்கிவரும் நாள் என்பதால், எழும்பி உட்காரக்கூடிய எல்லோரையும் வெளியே கொண்டுவந்திருந்தோம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் இலங்கையில், மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்து, மாட்டுக்காலையின் சாண மணத்துக்குள் வளர்ந்த ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? சுருக்கென்றது. "இருக்கிறது, நிறைய இருக்கிறது" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லி முடிக்க முன்னரே தெருமுனையில் ஆடுகள் வந்துவிட்டன.

முதலில் ஆடுகள்தான் வரும். வெள்ளை வெளேரென்ற அப்பென்செல் ஆடுகள், அவற்றை நடத்திக்கொண்டு ஒரு பையனும் ஒரு சிறுமியும். அதற்குப் பின்னால் மேய்ப்பர்களின் தலைவர், மஞ்சள் தோல் காற்சட்டை, வெள்ளை மேசு, பூவேலை செய்த சிவப்பு மேலங்கி. இடது தோளில் ஒரு மரவாளி. அந்த வாளியின் அடிப்பலகையில்கூட மாடும் மேய்ப்பனும் வரைந்திருப்பார்கள், அவர் நடந்து போகையில் ஊர் பார்க்கட்டும் என்று. வலது காதில் ஒரு தங்கத் தொங்கட்டான். கிட்டப் போய்ப் பார்த்தால் அது பாலாடை அள்ளும் அகப்பையின் குட்டி வடிவம். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அசையாமல் நின்றுவிட்டேன். தன் தொழிலின் கருவியை நகையாகச் செய்து காதில் போட்டுக்கொண்டு நடக்க ஒரு மனுசனுக்கு எவ்வளவு பெருமை இருக்க வேண்டும்! என் அப்பாவின் தகப்பனார் கடுக்கன் போட்டிருந்தவர், அந்தக் காதும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அப்புறம் மணி கட்டிய மூன்று மாடுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் பூவேலை செய்த அகலமான தோல்பட்டையில் ஒரு பெரிய மணி. மூன்றும் ஒன்றோடொன்று சுருதி சேர்ந்தவை. எடை கூடியவை என்பதால் முழுத்தூரமும் மாட்டின் கழுத்தில் கிடக்காது, ஊருக்குள் வரும்போது கட்டிவிடுவார்கள், மற்ற இடத்தில் ஆட்களே சுமப்பார்கள். அதன் பின்னால்தான் மண்ணிற மாடுகளின் வரிசை, பிறகு மாட்டுக்குச் சொந்தக்காரர், காலுக்குள் ஓடித்திரியும் நாய், கடைசியில் மரச்சாமான்கள் ஏற்றிய வண்டி. இந்த ஒழுங்கு மாறாது. இங்குள்ள வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய ஓவியங்களிலும் இதே வரிசைதான், மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிற மாதிரி வரைந்திருப்பார்கள். பெரியவரின் அறையிலும் ஒன்று இருக்கிறது. அதில் எந்த மாடு எந்தக் கிளை என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரையாகிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார். மணிச்சத்தம் வளைவில் வரும்போதே அது யாருடைய பட்டி என்று சொன்னார். அடுத்த பட்டிக்கும் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா, அவரும் பண்ணைக்காரி, தலையாட்டி ஆமென்றார்.

அப்பென்செல் இன்னரோடன், சுவிஸின் மிகச் சின்ன மாநிலங்களில் ஒன்று, சனத்தொகையில் எல்லாவற்றிலும் கடைசி. பதினாறாயிரம் பேர் அளவில்தான். நாங்கள் சென்காலன் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் "அங்கே தமிழாக்கள் இல்லையே, கோவில் இல்லையே, என்னத்துக்குப் போறீங்க" என்றார்கள். உண்மைதான், மல்லித்தூள் வாங்கக்கூட ரயில் ஏற வேண்டும். ஆனால் இந்தச் சனம் தங்கள் கதையைச் சொல்லும் விதம் எனக்குப் பிடித்துவிட்டது. சென்காலன் கிறிஸ்தவ மடத்தின் மடாதிபதிக்கு இவர்கள் வரி கட்டிய காலம் ஒன்று இருந்தது. அப்பென்செல் பாலாடைக்கட்டியைப் பற்றிய எழுத்துச் சான்று 1282ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. பிறகு அந்த மடாதிபதியோடு முரண்பட்டு 1403இல் ஒரு சண்டை, 1405இல் ஸ்டொஸ் கணவாயில் இன்னொரு சண்டை, இரண்டிலும் மலைக்காரர்கள் வென்றார்கள். ஸ்டொஸில் ஊலி ரோட்டாக் என்று ஒரு வீரன், ஒரு குடிசைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பன்னிரண்டு பேரோடு தனியாகப் பொருதினானாம், குடிசைக்குத் தீ வைத்த பிறகுதான் விழுந்தானாம். அவனுக்கு அப்பென்செல்லில் சிலை இருக்கிறது. 1513இல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள், 1597இல் மதத்தால் இரண்டாகப் பிரிந்தார்கள். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் மட்டும் கிடக்கும் விசயம் இல்லை. காலைச் சாப்பாட்டு மேசையில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொல்வார்கள்.

எல்லாவற்றையும் பெருமையாகவும் சொல்வதில்லை, அதையும் சொல்ல வேண்டும். இங்கே ஏப்ரல் கடைசி ஞாயிறு ஊர்ச் சதுக்கத்தில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பார்கள். அந்தக் கை பெண்களின் கையாக இருக்கலாம் என்று 1990 வரை ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருசம் நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் பெண்களுக்கு உரிமை கிடைத்தது. எங்கள் இல்லத்தில் இருக்கும் பாட்டிமார் இதைச் சொல்லும்போது குரல் இன்னும் சூடேறும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மனது கொக்கட்டிச்சோலைக்குப் போய்விடும். தான்தோன்றீஸ்வரர் கோவிலில் கல் நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணம் போட்டு, கோவிலை இடிக்க வந்த போர்த்துக்கேயரைத் திகைக்க வைத்த கதை எந்தப் படுவான்கரைப் பிள்ளைக்குத் தெரியாது? எங்களுக்கும் சொல்ல இருக்கிறது. கேட்கத்தான் இங்கே ஆளில்லை.

நான் இங்கே ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். பொய்யில்லை. பனிக்குள் விழாமல் நடக்கத் தெரியும். மக்ரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கலந்து சமைத்து, பக்கத்தில் அப்பிள் மசியலும் வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் செத்தல் மிளகாய்த் தாளிதம் போடுவேன், என் மகளுக்கு அதுதான் உயிர். மகள் இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊர்ப் பிள்ளையாகவே பேசுகிறாள். ஆனால் செப்டெம்பர் வந்து மணிச்சத்தம் கேட்டால் போதும், எல்லாம் குழம்பிவிடும். ஏனென்றால் இங்கே மாடு இறங்கும் காலம்தான் அங்கே எங்கள் மாடு கிளம்பும் காலம்.

மாரி மழைக்கு முன் வயல்வட்டையெல்லாம் உழுது விதைக்கத் தொடங்குவார்கள். பிறகு ஊருக்குள் மாடு நிற்க இடமில்லை. பெரும்போகம் முடிந்து, மாசி பங்குனியில் அறுவடையாகி, வயல் வெறும் ஒட்டாகும் வரைக்கும் மாடெல்லாம் மேய்ச்சல் தரையில்தான். அப்பாவின் பட்டி மயிலத்தமடுப் பக்கம் போகும். கிளம்புகிற நாளுக்கு முதல்நாளே அம்மா அரிசி, கருவாடு, உப்பு, தேங்காய், மண்ணெண்ணெய் எல்லாம் சாக்கில் கட்டிவிடுவார். விடியப்புறம் மாட்டுக்காலையின் கடப்பைத் திறந்தவுடனே கிழட்டுச் செவலை முதலில் வெளியே வந்து நிற்கும். அதன் கழுத்தில்தான் மணி. யாரும் ஓட்ட வேண்டியதில்லை, அதற்கு வழி தெரியும். மற்றதெல்லாம் அதன் பின்னால். கன்றுத்தாய்ச்சி மாட்டை மட்டும் அப்பா கிட்டப் போய், வயிற்றில் கைவைத்துப் பார்த்து, நடக்குமா நடக்காதா என்று முடிவு செய்வார். பிறகு மாதக்கணக்கில் அவரும் மாமாவும் வாடியில், காட்டுக் குடிசையில், கிடப்பார்கள். யானை வரும், இரவெல்லாம் நெருப்பு எரிய வேண்டும். அங்கிருந்து பாலும் சட்டித் தயிரும் சைக்கிளில் வரும். திரும்பி வரும்போது பட்டியில் நாங்கள் பார்த்திராத கன்றுகள் நிற்கும், அவற்றுக்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை.

இதற்கும் இங்கே நடப்பதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே மலை, அங்கே காடு. இங்கே மேய்ப்பன் பொழுதுபட மரப்புனலை வாயில் வைத்துப் புனிதர்களை அழைத்து மலைக்குக் காவல் கேட்கிறான், அங்கே பட்டிக்காரர் வதனமார் தெய்வங்களுக்குப் பொங்கி மாட்டுக்குக் காவல் கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே தொழில்.

வித்தியாசம் தரையில்தான் இருக்கிறது. அது எனக்குப் புரிய வருசங்கள் எடுத்தது, புரிந்த பிறகு மனம் ஆறவேயில்லை. இங்கே ஒரு மலைமேய்ச்சலில் எத்தனை மாடு மேயலாம், யாருக்கு எத்தனை மாட்டுக்கு உரிமை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஒரு பெரிய மாடு நூறு நாள் மேய்ந்தால் அது ஓர் அலகு, அதைக் கணக்கு வைத்து மலைக்கு மாடேற்றுகிறவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது, மேய்ச்சல் அழிந்துவிடக்கூடாது என்று. 2018 நவம்பரில் மாட்டின் கொம்பைக் கருக்காமல் விடும் பண்ணையாளருக்கு உதவித்தொகை கொடுக்கலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பே நடந்தது! தோற்றுத்தான் போனது, நூற்றுக்கு 54.7 பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் ஒரு நாடே உட்கார்ந்து மாட்டுக் கொம்பைப் பற்றி யோசித்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோசம். எங்கள் பெரியவர் கொம்பின் பக்கம் வாக்குப் போட்டவர், அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். 2023 டிசம்பரில் சுவிஸின் இந்த மலைமேய்ச்சல் வழக்கத்தை யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. இல்லத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் கேக்.

அதே 2023, செப்டெம்பர் மாதம்தான் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரையைக் கேட்டுச் சித்தாண்டியில் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தரையை உழுது பயிர் செய்கிறார்கள், மாடுகளைச் சுடுகிறார்கள், வெட்டுகிறார்கள், மின்கம்பி போட்டுக் கொல்கிறார்கள் என்பது அவர்கள் முறைப்பாடு. அண்ணன் அந்தப் பந்தலிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். பின்னால் வெயிலில் வேட்டியும் சாரமுமாக எங்கள் ஊர்ப் பட்டிக்காரர்கள். நான் கேக் சாப்பிட்ட அந்த டிசம்பரிலும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். யுனெஸ்கோ வேண்டாம், பூமாலை வேண்டாம், போக ஒரு தரை இருந்தால் போதும் என்பவர்கள் அவர்கள். எனக்கு இந்த ஊர் மேல் பொறாமையில்லை, இவர்கள் பெருமைப்படும்போது நானும் கை தட்டுகிறேன், மனதாரத் தட்டுகிறேன். ஆனால் தட்டும்போது நெஞ்சு காந்துகிறது.

மாடெல்லாம் போய் முடிந்து, தெருவில் சாணம் கழுவத் தொடங்கின பிறகு, பெரியவரை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலோரம் விட்டுவிட்டு, கைபேசியில் அண்ணன் அனுப்பிய பட்டிப்பொங்கல் படத்தைக் காட்டினேன். மாடுகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முதல் கேள்வி, எவ்வளவு பால் தரும்? நாட்டு மாடு, ஒன்றரை இரண்டு லீற்றர், வெயிலுக்கும் வரட்சிக்கும் தாங்கும் என்றேன். சிரிக்கவில்லை, தலையாட்டினார். இந்த மாட்டுக்குக் கால் நல்லது, நடக்கிற மாடு என்று ஒரு நாகுப் பசுவைக் காட்டிச் சொன்னார். பார்த்த பார்வைக்கே பிடித்துவிட்டார், அப்பாவும் அதைத்தான் சொல்வார். பிறகு நான் எல்லாம் சொன்னேன், தெரிந்த டொச்சில், காடு, யானை, வாடி, பந்தல், எல்லாம். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். அந்த மேய்ச்சல் தரை யாருடையது, எழுத்தில் இருக்கிறதா?

அன்றிரவே அண்ணனுக்கு எடுத்துக் கேட்டேன். "தங்கச்சி, நாங்க கேட்டு உட்கார்ந்திருந்ததே அதைத்தான்" என்றார். மேய்ச்சல் தரையென்று வர்த்தமானியில் போட்டு எல்லை குறித்துத் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. நம்மிடம் இருக்கிறதெல்லாம் மாட்டுக் குறி பதிந்த துண்டுகள், அப்பா காலத்துக் கடிதங்கள், நீதிமன்றத் தாள்கள் என்றார். எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஒக்ரோபர் தொடக்கத்தில் இங்கே மாட்டுக் கண்காட்சி. பெரியவரின் மகன்தான் இப்போது பண்ணையைப் பார்க்கிறார், அவருடைய மாடுகளும் வரும். என் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சுற்றிலும் மாட்டுக்காரர்கள் நிற்பார்கள், தரை என்றால் என்னவென்று தெரிந்த ஆட்கள். அவர்களிடம் காட்ட ஒரு தாளில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். மயிலத்தமடு எங்கே இருக்கிறது, மாடு எப்போது போகும், எப்போது திரும்பும், யார் மேய்க்கிறார்கள், என்ன கேட்கிறார்கள். டொச்சில் இரண்டு பக்கம் வந்திருக்கிறது. மகள் பிழை திருத்தித் தருகிறாள்.