விளையாட்டு மென்பொருட்களைத் தாமாகவே தொடங்க வைத்தல்

விளையாடுவதற்காகக் கணினியின் முன் அமரும்போதெல்லாம் விளையாட்டுகளைத் திறப்பதற்கான ஸ்டீம், நண்பர்களுடன் பேசுவதற்கான டிஸ்கார்ட், திரையைக் காணொளியாகப் பதிவு செய்வதற்கான ஓபிஎஸ், கிராபிக்ஸ் கார்டின் மின்விசிறியைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கருவி ஆகிய நான்கையும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றின் அமைப்புகளைச் சரிபார்த்து வந்தேன். விண்டோஸில் உள்நுழைந்த உடனே இவை தாமாகவே எழுந்து நிற்க வேண்டும் என்று விரும்பி அதற்கான வழிகளைத் தேடியபோது, ஒரு நிரலைத் தொடங்க வைப்பது எளிது என்பதும், அது எந்த நிலையில் தொடங்குகிறது என்பதே கவனிக்க வேண்டியது என்பதும் எனக்குப் புரிந்தன.

ஸ்டீமுக்கும் டிஸ்கார்டுக்கும் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. உள்நுழைந்ததும் விண்டோஸ் தானே திறக்கும் நிரல்களுக்கான ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு குறுக்குவழியை வைத்தாலே போதும்; ஸ்டீமின் குறுக்குவழியில் '-silent' என்ற கட்டளையைச் சேர்த்துவிட்டால், அது சாளரத்தைத் திறக்காமல் பின்னணியில் அமைதியாக இயங்கத் தொடங்கும்.

ஓபிஎஸ் அப்படியல்ல. விளையாட்டு கிராபிக்ஸ் கார்டை முழுமையாகப் பிடித்துக்கொள்ளும் வேளையில், நிர்வாகி உரிமையுடன் இயங்கும் ஓபிஎஸ்ஸுக்குத்தான் கார்டில் தன் பங்கு தடையின்றிக் கிடைக்கிறது. இல்லையெனில் பதிவு விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் சாளரம் தோன்றாமல் அந்த உரிமையை வழங்க, நிரல்களைக் குறித்த வேளையில் தாமாக இயக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியை உருவாக்கி, உள்நுழையும்போது இயங்குமாறு அமைத்து, உயர்ந்த உரிமையுடன் இயக்குவதற்கான பெட்டியைக் குறியிட வேண்டும். அங்கே 'ஸ்டார்ட் இன்' என்றொரு கட்டம் உண்டு. அதை நான் முதலில் வெறுமையாக விட்டுவிட்டதால், ஓபிஎஸ் தன் மொழிக் கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நிரல் இருக்கும் கோப்புறையின் பாதையை, மேற்கோள் குறிகள் இல்லாமல், அங்கே எழுத வேண்டும். மடிக்கணினி வைத்திருப்பவர்கள், மின் இணைப்பு இருந்தால் மட்டுமே பணியைத் தொடங்கு என்ற முன்னிருப்புக் குறியையும் நீக்கிவிடுவது நல்லது.

என்னை வெகுநாள் அலைக்கழித்தது வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கலாம் என்று எண்ணி ஸ்டீமையும் டாஸ்க் ஷெட்யூலருக்கு மாற்றிய பிறகு, விளையாட்டுகள் அவ்வப்போது தடுமாறத் தொடங்கின. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், வெப்பநிலையைப் பார்த்தேன், பலனில்லை. காரணம் கடைசியில்தான் தெரிந்தது. டாஸ்க் ஷெட்யூலர் தொடங்கும் பணிகளுக்கு முன்னிருப்பாக 7 என்ற முன்னுரிமையே வழங்கப்படுகிறது. 0 மிக உயர்ந்தது, 10 மிகத் தாழ்ந்தது என்ற அந்த அளவுகோலில், 7 என்பது இயல்பு நிலைக்கும் கீழானது. அவ்வாறு கீழ்நிலையில் இயங்கும் ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தொடங்கினால், அதற்கும் அதே கீழ்நிலை இறங்கிச் செல்லும் என்பதால், ஸ்டீம் வழியாக நான் திறந்த ஒவ்வொரு விளையாட்டும் பின்வரிசையில் நின்றபடியே கணினியின் மையச் செயலிக்குக் (சிபியு) காத்திருந்தது. இந்த எண்ணை மாற்ற டாஸ்க் ஷெட்யூலரின் சாளரத்தில் இடமே கிடையாது. பணியை, நோட்பேடில் திறந்து திருத்தக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதில் 7 என்றிருப்பதை இயல்பு நிலைக்குரிய 5 ஆக மாற்றி, பழைய பணியை நீக்கிவிட்டு மீண்டும் இறக்குமதி செய்ய வேண்டும். தானியக்கம் செய்யும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டிய எண் இது என்றே நான் கருதுகிறேன்.

நான்கும் ஒரே நொடியில் முண்டியடித்துத் தொடங்காமலிருக்க, மின்விசிறிக் கருவிக்கு 30 வினாடித் தாமதமும் ஓபிஎஸ்ஸுக்கு 1 நிமிடத் தாமதமும் கொடுத்திருக்கிறேன். ஓபிஎஸ்ஸின் கட்டளை வரியில் சுயவிவரம் (பதிவு அமைப்புகளின் தொகுப்பு), காட்சி (பதிவாக வேண்டியவற்றின் தொகுப்பு) ஆகியவற்றின் பெயர்களைக் குறிப்பிடவும், கடைசி சில நிமிடங்களை நினைவில் வைத்திருக்கும் ரீப்ளே பஃபரைத் தொடங்கச் சொல்லவும் முடியும் என்பதால், யாவும் அது திறக்கும்போதே தயாராகிவிடுகின்றன.

மூடுவதை மட்டும் நான் தானியக்கம் செய்யவில்லை. பதிவு நடக்கும்போது ஓபிஎஸ்ஸை ஸ்கிரிப்ட் மூலம் வலுக்கட்டாயமாக நிறுத்தினால், வழக்கமான எம்பி4 கோப்பு முடிவு எழுதப்படாமல் திறக்க முடியாததாகிவிடும். ஆகவே பதிவை, இடையில் நின்றாலும் அதுவரை பதிவானதைத் திறக்க முடிகிற எம்கேவி வடிவில் வைத்துக்கொண்டு, விளையாடி முடித்ததும் நிறுத்தும் பொத்தானை நானே அழுத்துகிறேன்.