பார்படாஸ்: ஏறும் முன் கேளுங்க, எந்த டாலர்?

ஊர் திரும்பி ஜெட்லாக்கே இன்னும் தெளியவில்லை. அந்த டாக்ஸிக்காரர் மேல் இருக்கும் கடுப்பும் தெளியவில்லை. அதனால் நீலக்கடல், தென்னை மரம் எல்லாம் அப்புறம். முதலில் பஞ்சாயத்து.

கரீபியன் தீவான பார்படாஸில் டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது. இங்கிருந்து அங்கே போக இவ்வளவு என்று அரசு வைத்த கட்டணம்தான், விமான நிலையத்தில் பலகையும் உண்டு. நாங்கள் அறை எடுத்திருந்த வொர்த்திங்குக்கு எவ்வளவு என்று கேட்டோம். "நாற்பது" என்றார் ஓட்டுநர். ஏறினோம். இறங்கும்போது நாற்பது பார்படாஸ் டாலரை நீட்டினால் மனுஷன் சிரிக்கிறார். "அமெரிக்க டாலர், மேடம்!" ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர். 1975-லிருந்து இந்தக் கணக்கு மாறவே இல்லை. கடைகளில் இரண்டு பணமும் செல்லும். இந்த வசதியை வைத்துத்தான் கட்டணத்தை இரண்டு மடங்காக்கப் பார்த்தார்.

என் அண்ணன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன். எங்கே அறிவிப்புப் பலகை இருந்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வான். செல்போனைத் திருப்பிக் காட்டினான். ஓட்டுநர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பல்லிடுக்கில் 'ச்சூ' என்று நீளமாக ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நாற்பதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். பெட்டியை இறக்கிக்கூடத் தரவில்லை.

சரி, எதற்கு பார்படாஸ்? எல்லோரும் தாய்லாந்து, பாலி என்று போகும்போது உங்களுக்கு என்ன கேடு என்று வீட்டில் கேட்காத ஆளில்லை. காரணம் 1997. பார்படாஸின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸோடு டெஸ்ட். ஜெயிக்க வேண்டியது வெறும் 120 ரன். இந்தியா 81-க்கு ஆல் அவுட். லக்ஷ்மண் எடுத்த 19தான் அதிகபட்சம். நம்மூரில் அது ராத்திரி நேரம். அன்றைக்கு வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த மைதானத்தை நேரில் போய்ப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அண்ணனுக்கு அப்போதிருந்தே வைராக்கியம். 2024 ஜூன் 29-ம் தேதி அதே ஓவலில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்து இந்தியா டி20 உலகக்கோப்பையைத் தூக்கியதும், "இனிமே கோபமா போக வேண்டாம், கும்பிடப் போலாம்" என்றான். அன்றே தனியாகச் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தோம்.

சுற்றுலாவாகப் போகும் இந்தியர்களுக்கு பார்படாஸ் விசா கேட்பதில்லை. கேட்டதும் குதித்தோம். ஆனால் இங்கிருந்து நேர் விமானம் இல்லையே! லண்டன், அமெரிக்கா என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். அதற்கு அந்த நாட்டு டிரான்சிட் விசா. போகிற ஊருக்கு ஒரு பைசா விசா செலவில்லை, கால் வைக்காத ஊருக்குத் தண்டம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன், விலை எகிறும். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை புயல் காலம். உலகக்கோப்பை ஜெயித்த நம் அணியே பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு அங்கேயே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். நாங்கள் மே மாதத்தைப் பிடித்தோம், ஓரளவு கட்டுப்படியானது. மேற்குக் கரை ரிசார்ட்டுகளின் ஒரு ராத்திரி வாடகையைப் பார்த்து அந்தப் பக்கத்தையே மூடிவிட்டோம். தெற்குக் கரையில் சமையலறையோடு சின்ன அப்பார்ட்மெண்ட். ஆனால் அந்தத் தீவுக்குப் பாதி சாமான் கப்பலில்தான் வருகிறது, சூப்பர் மார்க்கெட் பில் கண்ணைக் கட்டும். அரிசி அங்கே வாங்கலாம். ரசப்பொடி, பருப்புப்பொடி எடுத்துப் போய்விடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பவளச் சுண்ணாம்புப் பாறை வடிகட்டித் தரும் நிலத்தடி நீர். பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண்.

இன்னொன்று, ராணுவச் சீருடை மாதிரிப் பச்சைத் திட்டுத் திட்டாக இருக்கும் துணி போடுவது அங்கே சட்டப்படி குற்றம். குழந்தைகள் போட்டாலும்தான். அண்ணனின் பிரியமான அரை டிராயர் கிளம்பும் முதல் நாள் ராத்திரி பெட்டியிலிருந்து வெளியே போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இனி பஸ். பார்படாஸ் மொத்தமே 430 சதுர கிலோமீட்டர் சொச்சம், நம் சென்னை மாநகராட்சி அளவுதான். பஸ்ஸிலேயே முழுத் தீவையும் பார்த்துவிடலாம். நீலம் அரசு பஸ், மஞ்சள் தனியார் மினிபஸ், வெள்ளையில் அரக்குப் பட்டை போட்டது இசட்.ஆர். வேன். எதில் போனாலும் எவ்வளவு தூரமானாலும் மூன்றரை பார்படாஸ் டாலர், கிட்டத்தட்ட 150 ரூபாய். டாக்ஸிக்கு அழுததற்கு இது தேன். அரசு பஸ்ஸில் சரியான சில்லறை போட வேண்டும், மீதி தரமாட்டார்கள். தனியார் வண்டியில் மீதி கிடைக்கும்.

இசட்.ஆர். வேனை எப்படிச் சொல்வது! மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர். நான்காமவர் என் மடியில் பாதி. ஸ்பீக்கர் என் காலடியில், பாட்டு அதிர்வது முழங்காலில் தெரிகிறது. ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங், இன்னொரு கையால் எதிரே வருகிறவருக்கு ஹாரனோடு வணக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் வாங்கிய பாட்டி, எல்லோரும் ஏறும்போதே "குட் ஆஃப்டர்நூன்" சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நாமும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாட்டி முறைக்கிறார். 11-ம் நம்பர் வேன் தெற்குக் கரையோரமாக ஓய்ஸ்டின்ஸ் தாண்டிப் போகும். அது ஒன்று போதும், மற்ற டூர் பஸ்ஸெல்லாம் தண்டச்செலவு.

ஓய்ஸ்டின்ஸுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் போக வேண்டும். மீன் சந்தையை ஒட்டி வரிசையாகக் கடைகள், அடுப்புப் புகை, கூட்டம், ஆட்டம். சுட்ட மீன் தட்டு நாற்பது பார்படாஸ் டாலருக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது, அதனால் பெருக்காதீர்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல, ஒரு மதியம் பிரிட்ஜ்டவுனில் சின்னக் கடையில் சாப்பிட்ட கூ-கூவும் பறக்கும் மீனும். கூ-கூ என்பது சோள மாவில் வெண்டைக்காய் போட்டுத் தட்டையான மரக் கரண்டியால் கிண்டியது. அசல் நம்ம களிதான், வெண்டைக்காயின் வழவழப்பில் இன்னும் சுலபமாக இறங்குகிறது. நடுவில் குழித்து மீன் குழம்பை ஊற்றித் தந்தார் கடைக்கார அம்மா. மேலே மஞ்சள் நிற மிளகாய் சாஸ். கடுகும் ஸ்காட்ச் பானட் மிளகாயும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அண்ணன் பேச்சே இல்லாமல் இரண்டாவது தட்டு வாங்கினான், கணக்கு பார்க்கவில்லை. அவன் கணக்கு பார்க்காதது அந்தப் பயணத்திலேயே அங்கேதான். பறக்கும் மீன் அவர்களுடைய ஒரு டாலர் நாணயத்திலேயே இருக்கிறது. சைவக்காரர்கள் உருளைக்கிழங்கு ரொட்டி, பச்சைத் துவரை போட்ட சோறு, மெக்ரோனி பை என்று ஒப்பேற்றலாம். மாபி என்று ஒரு மரப்பட்டைச் சாறு விற்கிறார்கள். கசப்பு. எனக்கு வேண்டாம்.

ஓவலுக்கு வருகிறேன். மேட்ச் இல்லாத நாள். வாசலில் பார்படாஸ் கிரிக்கெட் மேதை கேரி சோபர்ஸ் சிலை. காவலாளியிடம் "இந்தியாவிலிருந்து இதைப் பார்க்கவே வந்தோம்" என்றதும் கொஞ்ச நேரம் உள்ளே நிற்க விட்டார். டிவியில் பார்த்ததைவிடச் சின்ன மைதானம், காற்று பலம். சூர்யகுமார் கடைசி ஓவர் முதல் பந்தில் மில்லரைப் பிடித்தாரே, அந்த எல்லைக்கோடு எது என்று எங்களுக்குள் சண்டை.

"அந்த மூலைதான், நான் சொல்றேன்ல?"

"போண்ணே, நீ எல்லாத்துக்கும் அந்த மூலைம்ப."

காவலாளி எங்கள் இருவருக்கும் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஹால் அண்ட் கிரிஃபித் என்று இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் பெயரில் ஒரு ஸ்டாண்ட். 1962-ல் இதே மைதானத்தில் அந்த கிரிஃபித்தின் பந்து நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. உயிருக்குப் போராடியவருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரலும் ஒருவர். எட்டாம் வகுப்பிலிருந்தே அண்ணன் எனக்கு இந்தக் கதையைச் சொல்லி வருகிறான்.

கிழக்குக் கரையில் பத்ஷெபா போங்கள், காளான் மாதிரிப் பாறைகள். அலை ஆளை இழுக்கும், குளிக்க லாயக்கில்லை. குளிப்பதற்கு கார்லைல் பே. கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தடியில் மட்டும் மழைக்கு ஒதுங்காதீர்கள். மான்சினீல், அதன் பால் பட்டாலே கொப்பளிக்கும்.

செலவுக் கணக்கைத் தனியாகப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கிரிக்கெட்டில் போய்விட்டது. அதிலும் ஒரு செலவு சொல்லியாக வேண்டும். கேவ் ஹில் பல்கலைக்கழக மைதானத்தின் அருகே வெஸ்ட் இண்டீஸ் ஜாம்பவான்கள் வொரல், வால்காட், வீக்ஸ் மூவரின் கல்லறைகளும் இருக்கின்றன. பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் இரண்டு பேருக்கு ஏழு டாலர் வேண்டும். என்னிடம் இரண்டு டாலர் சில்லறை, அவனிடம் ஓர் ஐந்து டாலர் நோட்டு. கச்சிதம். ஆனால் அந்த நோட்டில் இருப்பது வொரலின் முகம்!

"இத மட்டும் தரமாட்டேன்."

"வேற பணம் இல்லண்ணே. வெயிலப் பாரு."

"நடப்போம்."

நடந்தோம். மலை இறங்கி, கடலோரச் சாலை வரைக்கும், ஏ.டி.எம். கண்ணில் படும் வரைக்கும். நோட்டு இப்போது அவன் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. செலவு நோட்டில் அந்த ஐந்து டாலருக்கு எதிரே 'அண்ணன் பக்தி' என்று எழுதியிருக்கிறேன். அந்த மனிதரோ, தலைக்கு மூன்றரை டாலர் மிச்சப்படுத்தினோம் என்று வீட்டில் பெருமை பேசிக்கொண்டு திரிகிறார்.