புள்ளிக்கு 50 பைசா: வீட்டு ரம்மியில் இழப்பைக் குறைத்துப் பார்த்த அனுபவம்

கோத்தகிரியில் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழையே கனமாகப் பெய்யும் என்பதால், ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழிப் பனி இறங்கும் வரை சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் கூடி ரம்மி ஆடுவது வழக்கம். வீட்டு ரம்மியில் கூடுதலாகப் பணம் சேர்க்க வேண்டுமானால் தோற்கிற ஆட்டங்களில் குறைவாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டாலே போதும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றியிருந்தது. அந்த எண்ணத்தை இந்த மழைக்காலத்தில் ஒரு நோட்டுப் போட்டு முறையாகச் சோதித்துப் பார்த்தேன்.

எங்கள் ஆட்டம் வழக்கமான 13 சீட்டு ரம்மிதான். கையிலுள்ள சீட்டுகளை ஒரே வகையின் அடுத்தடுத்த சீட்டுகளாகவும் (சீக்வன்ஸ்), ஒரே எண்ணின் சீட்டுகளாகவும் (செட்) முதலில் சேர்த்துக் காட்டுபவர் ரம்மி அடித்தவர்; மற்றவர்கள் கையில் சேராமல் நிற்பவை அவர்களுக்குப் புள்ளி. ஐந்து பேருக்கு ஒரு கட்டு போதாது என்பதால் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கரோடு சேர்த்து இரண்டு கட்டுகள். புள்ளிக்கு 50 பைசா. சீட்டு எடுக்கும் முன்பே ஸ்கூட் விட்டால் (ஆடாமல் விலகினால்) 20 புள்ளி, இடையில் விட்டால் 40, ஃபுல் (உச்ச இழப்பு) வாங்கினால் 80. அதாவது 10 ரூபாய், 20 ரூபாய், 40 ரூபாய். ரம்மி அடித்தவருக்கு மற்ற நால்வரும் அவரவர் புள்ளிக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தொகையில் யாருடைய குடும்பமும் அசையாது. ஆனாலும் கணக்கில் அக்கறை காட்டுபவருக்கும் காட்டாதவருக்கும் இடையே ஒரு பருவம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இருக்கிறது. ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்பதற்கும் கணிசமான திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1967-இல் சத்தியநாராயணா வழக்கில் சொல்லியிருக்கிறது. வைப்பதும் கழிப்பதும் என்ற அந்த இரண்டையும்தான் நான் என் நோட்டில் பின்தொடர்ந்தேன்.

முதலில் ஸ்கூட் கணக்கு. எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் எந்தக் கை வந்தாலும் ஆடிப் பார்ப்பவர்கள். ஒரே ஒருவர் மட்டும் சற்று மோசமாக வந்தாலும் சீட்டை மடக்கி வைத்துவிடுவார். இரண்டு பழக்கமுமே பணத்தைக் கரைப்பவை என்பது எழுதிப் பார்த்தபோது புரிந்தது. ஜோக்கரும் இல்லாமல், அடுத்தடுத்த சீட்டுகளும் இல்லாமல் வரும் கையில் பத்தில் ஒரு முறை ஜெயித்து, ஜெயிக்கும்போது நால்வரிடமிருந்தும் 120 புள்ளி வாங்குவதாகவும், மற்ற ஒன்பது முறையும் ஐம்பது ஐம்பதாகக் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டால், சராசரியாக ஆட்டத்துக்கு 33 புள்ளி போகிறது. 20-இல் விலகிவிடுவது மேல். சுமாரான கையில் ஐந்துக்கு ஒன்று ஜெயித்து, தோற்கும்போது 40 கொடுப்பதாக வைத்தால் சராசரி இழப்பு 8 புள்ளிதான். அது இழப்புதான் என்றாலும் ஸ்கூட்டின் 20-ஐவிட மிகக் குறைவு, எனவே அந்தக் கையை ஆடியே ஆக வேண்டும். கையை எடைபோடும்போது அதை 20-உடன் ஒப்பிட வேண்டுமே தவிர, பூஜ்ஜியத்துடன் ஒப்பிடக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்ட பிறகு, மடக்குவதா ஆடுவதா என்ற தயக்கம் எனக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது, லைஃப், அதாவது ஜோக்கர் சேராத சீக்வன்ஸ். அது இல்லாதவரை கையிலுள்ள எல்லாச் சீட்டும் புள்ளிக் கணக்கில் வரும். ஏஸுக்கும் படச் சீட்டுகளுக்கும் பத்துப் பத்தாக வைத்து, ஏஸ் முதல் ராஜா வரை ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்துக் கூட்டினால் 94 வருகிறது. ஆகையால் லைஃப் ஒன்று கையில் சேராத வரை, எப்படித்தான் பெரிய சீட்டுகளைக் கழித்தாலும் ஏறக்குறைய ஃபுல்லுக்கு அருகில்தான் நின்றுகொண்டிருக்கிறோம். லைஃப் சேர்ந்த பிறகு ராஜா, ராணிகளைக் கழிப்பதற்கு உள்ள பலன், அதற்கு முன் அவ்வளவாக இல்லை. இடையில் 40-க்கு விடுவதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பல சுற்று தாண்டியும் லைஃப் சேராமல், எதிரில் இருப்பவர் எடுத்ததையே கழிக்கத் தொடங்கிவிட்டால் விட்டுவிடலாம்.

நான் மிகவும் ரசித்துக் கற்றது ஜோக்கருக்குப் பக்கத்துச் சீட்டுகளைப் பற்றி. டைமண்ட் 5, 6 கையில் இருந்தால் 4-உம் ஆகும், 7-உம் ஆகும். இரண்டு கட்டிலும் சேர்த்து நான்கு சீட்டுகள் நமக்கு உதவும். ஆனால் அன்றைய வெட்டு ஜோக்கர் (கட்டை வெட்டி ஜோக்கராக வைக்கும் எண்) 7 என்றால், யாரும் 7-ஐக் கீழே போட மாட்டார்கள். கட்டிலிருந்து நாமே எடுத்தால்தான் உண்டு. இருபக்கம் திறந்த கதவில் ஒரு பக்கம் தானாகச் சாத்திக்கொள்கிறது. இதன் மறுபக்கமாக, ஜோக்கர் 7 ஆக இருக்கும்போது நாம் கழிக்கும் 6-உம் 8-உம் மற்றவர்களுக்கு உதவும் வாய்ப்பும் குறைகிறது.

கார்த்திகையில் ஆடிய ஓர் ஆட்டத்தில் இது அப்படியே கண்முன் நடந்தது. ஜோக்கர் 7. எனக்கு அடுத்து எடுப்பவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பரின் மாமா. நான் போட்ட ஹார்ட்டின் 9-ஐ அவர் யோசிக்காமல் எடுத்துக்கொண்டார். என்னிடம் ஹார்ட்டின் 10 இருந்தது. அதைக் கழித்தால் என் புள்ளி குறையும் என்றாலும், அதைக் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டேன். என் கையில் அப்போது ஸ்பேடு 3, 4, 5, 6 லைஃப்; டைமண்ட் ஜாக்கியும் ராணியும் ஒரு ஜோக்கருடன்; மூன்று 3 சேர்ந்த செட்; மீதி டைமண்ட் 2, கிளாவர் 2, அந்த 10. ஒரு 2-ஓ ஜோக்கரோ வந்தால் 10-ஐக் கவிழ்த்துவிட்டு ரம்மி காட்டிவிடலாம் என்பதால், அதை வைத்திருந்ததால் எனக்கு ஒரு சுற்றுக்கூடத் தாமதம் ஆகவில்லை. எதிரில் இருந்தவர் எனக்கு முன்பே ரம்மி அடித்துவிட்டார். நான் கொடுத்தது 14 புள்ளி, அதாவது 7 ரூபாய். ஸ்கூட் விட்டிருந்தால் ஆகியிருக்கும் 10 ரூபாயைவிடக் குறைவு. மாமா சீட்டை விரித்தபோது ஹார்ட்டின் 8, 9 லைஃபுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அவர் ஃபுல்.

“அந்தப் பத்தை எதற்கப்பா இவ்வளவு நேரம் வைத்திருந்தாய்?” என்று கேட்டார். “நீங்கள் ஒன்பதை எடுத்தீர்களே, மாமா” என்றேன். அதன் பிறகு அவரும் நான் கழிப்பதைவிட நான் எடுப்பதையே கூர்ந்து கவனிக்கிறார். ஆட்டம் முன்பைவிட நன்றாகியிருக்கிறது.

மழைக்காலத்துக்கே உரிய ஒரு சிரமத்தையும் சொல்ல வேண்டும். ஈரக் காற்றில் காகிதச் சீட்டுகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சரியாகக் கலையாமல், முந்தைய ஆட்டத்தில் விரித்த சீக்வன்ஸ்கள் அப்படியே ஒருவர் கைக்கு வந்துசேர்கின்றன. அப்படிப்பட்ட ஆட்டத்தில் நினைவாற்றலுக்கு வேலையே இல்லை. பிளாஸ்டிக் சீட்டுக்கு மாறி, இரண்டு கட்டையும் இரண்டு பேர் பிரித்துக் கலைத்துச் சேர்த்த பிறகு அந்தக் குறை நீங்கியது.

நோட்டைப் புரட்டினால், நான் ஜெயித்த ஆட்டங்களின் விகிதம் பெரிதாக உயரவில்லை. தோற்ற ஆட்டங்களில் கொடுத்த புள்ளிதான் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மார்கழி முடிவில் கையில் பணம் மிஞ்சியதற்குக் காரணம் அதுதான். கோடை சீசனில் சமவெளியிலிருந்து உறவினர்கள் வந்தால் ஆறு பேராக ஆடுவோம். அப்போது ஜெயிக்கும் வாய்ப்புக் குறைந்து, ஜெயித்தால் கிடைக்கும் புள்ளி கூடும் என்பதால், எந்தக் கையை 20-க்கு விடுவது என்ற எல்லை எங்கே நகர்கிறது என்பதைத் தனிப் பக்கத்தில் குறித்துப் பார்க்கப் போகிறேன்.