வியாசர்பாடியில் ஒரு பர்மா மேடை

1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது நான் சிறு பையன். கடைகளை எல்லாம் பர்மா அரசு எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. அப்பா தச்சர். உளியும் இழைப்புளியும்தான் எங்கள் சொத்து. சென்னை வியாசர்பாடியில் ஒரே அறையில் ஏழு பேர் குடியேறினோம்.

பர்மாவில் மரக்கால்களின் மேல் வீடு நிற்கும், மழைத்தண்ணீர் அடியில் ஓடிவிடும். இங்கேயும் தாழ்வான பூமி, பக்கத்திலேயே கேப்டன் காட்டன் கால்வாய். முதல் ஐப்பசியிலேயே அரிசி மூட்டை நனைந்தது. மழை விட்டதும் அப்பா பாதி அறைக்கு இரண்டடி உயரத்தில் மரமேடை போட்டார். கீழே ஒரு அடி காலி. அதற்கு மேல்தான் தூக்கு மூடி வைத்த அறைகள்: ஒன்றில் அரிசி, ஒன்றில் துணிமணி, ஒன்றில் பாய் தலையணை. இரவில் மேலே படுக்கை, பகலில் அதுவே கூடம்.

தரையைத் தொடும் கால்கள் மட்டும் தேக்கு, இடித்த வீட்டு உத்திரத்தில் அறுத்தது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. மீதியெல்லாம் துறைமுகப் பக்கம் வாங்கிய கள்ளிப்பெட்டிப் பலகை. மூடிய அறையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும் என்று பக்கப் பலகைகளில் வரிசையாகத் துளை போட்டார். எவ்வளவு யோசித்திருக்கிறார்!

பரணுக்கு ஏறும் ஒவ்வொரு படியும் ஒரு இழுப்பறை. சுவரில் கீல் வைத்த பலகை ஒன்று. விடிகாலையில் அதில்தான் அம்மா மொய்ங்கா என்ற பர்மா நூடுல்ஸ் குழம்புக்கு வாழைத்தண்டு நறுக்குவார், சாயங்காலம் எங்கள் பாடப்புத்தகம்.

பின்னி மில்லுக்குப் போகும் எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். "ஆசாரி, எனக்கும் இதே மாதிரி ஒரு மேடை போட்டுக் குடுப்பா" என்றார். இந்த ஊரில் அப்பாவுக்குக் கிடைத்த முதல் வேலை அது. அதற்குப் பிறகு எங்களை யாரும் அகதி என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது பிளைவுட் கட்டில்களைத் தரையோடு ஒட்டிச் செய்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் எத்தனையோ கட்டில்கள் ஊறி உப்பிப்போயின. மகள் வீட்டுக்கு மரவேலை நடந்தபோது கால் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றேன். "பார்க்க நல்லா இருக்காதுங்க ஐயா" என்றார் தச்சர். ஒரு அடி உயரம், பக்கத்தில் காற்றுத் துளை. இரண்டையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.